லாரமியிலிருந்து ராலின்ஸ் வரை: வயோமிங்கின் இரண்டு பழைய சிறைகள்

வியாழக்கிழமை, லாரமி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் தென்பகுதியில், ஒரே ரயில் பாதையை ஒட்டி, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பழைய சிறைச்சாலைகள் இன்று அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. லாரமி நகரில் உள்ளது 1872இல் கட்டப்பட்டது. ராலின்ஸ் நகரில் உள்ளது 1901 டிசம்பரில் திறக்கப்பட்டு 1981 வரை இயங்கியது. முதல் சிறையில் இருந்த கைதிகளைக் கொண்டுபோய்த்தான் இரண்டாவது சிறையைத் தொடங்கினார்கள் என்பதால், இரண்டையும் அந்த வரிசையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். திருச்சியிலிருந்து வந்து டென்வரில் எங்களோடு தங்கியிருக்கும் அப்பாவும் உடன் வருவதாகச் சொல்லவே, ஃபோர்ட் காலின்ஸ் வழியாக வடக்கே ஏறும் சாலையில் காலையிலேயே கிளம்பிவிட்டோம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் இரும்பைத்தான் முதலில் பார்ப்பார்.

லாரமி கடல் மட்டத்திலிருந்து 2,180 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத புல்வெளியின் நடுவே இருக்கிறது. யூனியன் பசிபிக் ரயில் பாதை 1868இல் இங்கு வந்து சேர்ந்தபோது கூடவே கூடாரங்களும் மதுக்கடைகளும் சூதாட்டக்காரர்களும் வந்து இறங்கினார்கள். நீதிமன்றமும் காவலும் அவ்வளவு வேகமாக வரவில்லை. அந்த ஆண்டிலேயே ஊரார் கூட்டமாகத் திரண்டு, ரவுடிகள் என்று தாங்கள் முடிவு செய்த சிலரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதற்கு நான்காண்டுகள் கழித்து, ஆற்றங்கரையில், கூட்டரசின் பொறுப்பில் இந்தக் கற்கட்டடம் எழுந்தது. வயோமிங் அப்போது மாநிலமாகவில்லை. 1890இல்தான் அந்தத் தகுதி கிடைத்தது. வெள்ளையர் குடியேற்றத்தின் அன்றைய மேற்கு விளிம்பில் சட்டம் என்ற ஒன்று வந்துவிட்டது என்பதற்கு, கண்ணால் பார்க்கக்கூடிய சான்றாக இருந்தது இந்தச் சிறைதான்.

ஆனால் தொடக்கக் காலத்தில் அது சிறையாகச் சரிவர இயங்கவில்லை. 1873இல் தீப்பிடித்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் உள்ளே வந்த 44 பேரில் 11 பேர் தப்பி ஓடினார்கள். பிறகு சில ஆண்டுகளிலேயே இடம் போதாமல் நெரிசலானது. அடுத்த பத்தாண்டில் பாதி காலியாகவும் கிடந்தது. 1889இல் இன்னொரு சிறைக்கூடமும், நடுவே சமையல் கூடமும், சாப்பாட்டு அறையும், காவலர் அறைகளும், நீராவியால் சூடேற்றும் வசதியும் சேர்ந்த பிறகுதான் இப்போது நாம் காணும் முழு வடிவம் வந்தது.

உள்ளே அறைகள் மிகச் சிறியவை. நடுத்தர உயரமுள்ள ஒருவர் இரு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டுவிடலாம். நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில் உருவான முறையையே இங்கும் பின்பற்றினார்கள். பகலில் கைதிகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஆனால் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கோடு போட்ட உடை அணிய வேண்டும். வரிசையாக, காலடி பிசகாமல் நடக்க வேண்டும். பெயரைச் சொல்லி யாரும் அழைக்க மாட்டார்கள், எண்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முப்பது ஆண்டுகளில் இந்த முறைக்குள் வாழ்ந்து போயிருக்கிறார்கள். அவர்களில் சில பெண்களும் உண்டு.

அந்த எண்களில் 187 மட்டும் உலகப் புகழ் பெற்றது. யூட்டாவில் பிறந்த ராபர்ட் லெராய் பார்க்கர், அதாவது புட்ச் காசிடி, குதிரைத் திருட்டு வழக்கில் இரண்டு ஆண்டுத் தண்டனை பெற்று 1894 ஜூலையில் இங்கு வந்தார். 1896 ஜனவரியில் ஆளுநர் வில்லியம் ரிச்சர்ட்ஸ் மன்னிப்பு வழங்கியதால் வெளியே போனார். வங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்துப் பெயர் பெற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தன் வாழ்நாளில் அவர் தண்டனைக் கைதியாக இருந்த ஒரே சிறை இதுதான் என்பதால், அருங்காட்சியகம் அவருக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறது. வருகிறவர்களும் அவர் படத்தின் அருகே நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் முழு மனம் இல்லை. மன்னிப்புக் கிடைக்காதவர்களும், மாடு திருடியதற்காகவும் போலிக் காசோலை எழுதியதற்காகவும் வந்து ஆண்டுக்கணக்கில் வாய் திறவாமல் வேலை செய்துவிட்டுப் போனவர்களும்தான் இந்தச் சிறையின் வரலாறு. அவர்களை நெருக்கமாகக் காட்டுவது துடைப்பத் தொழிற்கூடம்.

சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அந்தக் கூடத்தில் பழைய முறைப்படி துடைப்பம் கட்டும் வேலையைச் செய்து காட்டுகிறார்கள். துடைப்பத்துக்கென்றே வளர்க்கப்படும் ஒருவகைச் சோளத்தின் கதிர்க்குச்சிகளைப் பிடிப்பிடியாக எடுத்து, மரக்காம்பைச் சுற்றிவைத்து, காலால் மிதித்துச் சுழற்றும் கருவியில் கம்பியை இறுக்கிச் சுற்றுகிறார்கள். பிறகு அந்தக் கட்டை இடுக்கியில் வைத்து அழுத்தித் தட்டையாக்கி, தடித்த ஊசியால் குறுக்கே நூல் கோத்துத் தைக்கிறார்கள். கம்பி தளர்ந்தால் குச்சிகள் உதிரும். அளவுக்கு மீறி இறுகினால் முறியும். அப்பா அரைமணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "ஒரு நாள் முழுக்க இதைக் கட்டுனா விரல் என்ன ஆகும்னு பாரு. அதுல பேசவும் கூடாதுன்னா எப்படிப்பா?" என்று கேட்டார். தம் பணிமனையில் எட்டு மணி நேரமும் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே வேலை பார்த்த மனிதர் அவர்.

சிறை 1903இல் மூடப்பட்டு வயோமிங் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. அதன்பின் 1989 வரை இது கால்நடை ஆய்வுப் பண்ணை. கைதிகள் இருந்த கூடத்தில் மாடுகளைக் கட்டியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்ததால்தான் கட்டடம் இடிபடாமல் பிழைத்தது. 1991இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது பலவற்றைப் புதிதாகச் சீரமைக்க வேண்டியிருந்தது. சுவர்கள் இப்போது வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கின்றன. இத்தனை தூய்மை ஒரு சிறைக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, வழியில்

லாரமியிலிருந்து ராலின்ஸுக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இது செப்டம்பர் மாதம்தான் என்றாலும் எல்க் மலையைத் தாண்டும்போது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. சாலையோரம் நெடுகப் பனித்தடுப்பு வேலிகள் நிற்கின்றன. குளிர்காலத்தில் இந்தச் சாலையை அடிக்கடி மூடிவிடுகிறார்கள். 1901இல் கைதிகளை மாற்றிய காலத்தில் இந்த வெளியைக் கடக்க இருந்த வழி ரயில்தான். சிங்க்ளேர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளைத் தாண்டியதும் ராலின்ஸ் வந்துவிட்டது. மாலையில் சிறையின் முகப்பை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். சாம்பல் நிறக் கல்லால் ஆன கோட்டை போன்ற கட்டடம் அது. சாதாரண வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவின் முடிவிலேயே நிற்பதால், இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அண்டை வீடாகத்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை, ராலின்ஸ்

இந்தச் சிறைக்கு 1888இலேயே அடிக்கல் நாட்டிவிட்டார்கள். பணப் பற்றாக்குறையும் இங்குள்ள வானிலையும் சேர்ந்து, கட்டி முடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. திறந்தபோது இருந்தது 'ஏ' கூடம் ஒன்றுதான். அதில் 104 அறைகள் இருந்தன. மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. வெளியே பனி கொட்டும் மாதங்களில் உள்ளே சூடேற்றம் பெயருக்குத்தான் இருந்தது. 1904இல் மேலும் 32 அறைகள் சேர்ந்தன. அப்படியும் இடம் போதவில்லை.

இங்கே நாமாகச் சுற்றிப் பார்க்க முடியாது, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எங்களை அழைத்துச் சென்ற பெண்மணி இந்த ஊர்க்காரர். 'ஏ' கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கவிட்டார். அடுக்கடுக்காக இரும்புக் கம்பிக் கதவுகள் கூரை வரை ஏறிப்போகின்றன. லாரமியைப் போல இங்கு எதையும் பளபளப்பாக்கவில்லை. பச்சையும் மஞ்சளுமாக அடித்த வண்ணப்பூச்சு பட்டை பட்டையாக உரிந்து தொங்குகிறது. அதற்கு அடியில் வேறொரு காலத்துப் பூச்சு, அதற்கும் அடியில் துரு. ஓர் அறையின் கதவுக் கம்பியில் இடுப்பு உயரத்தில் மட்டும் பூச்சே இல்லாமல், இரும்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அரத்தால தேய்ச்சதில்ல, கையாலயே தேஞ்சது" என்றார்.

1950இல் கட்டிய 'பி' கூடத்தில் வெந்நீர்க் குழாயும் நல்ல சூடேற்றமும் இருந்தன. ஆனால் பழைய கூடத்தில் இருந்தவர்களுக்கு வெந்நீர் வந்து சேர அதன் பிறகும் 28 ஆண்டுகள் ஆயின. அதாவது 1978. அப்பா பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இந்த இடத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எல்லைப்புறச் சிறை என்று பெயர்ப்பலகையில் படிக்கும்போது குதிரையும் துப்பாக்கியுமாக ஏதோ ஒரு பழங்காலம் மனத்தில் விரிகிறது. அந்தப் பெயரை 1988இல் அருங்காட்சியகமாக்கியபோதுதான் வைத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்குள் மனிதர்கள் அடைபட்டிருந்தார்கள். இங்கிருந்து விடுதலையானவர்கள் பலர் இன்றும் உயிரோடு இருப்பார்கள். எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 13,500 பேர் இங்கு இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் 11 பேர். 1966இல் எழுந்த 'சி' கூடத்தின் 36 அறைகள், ஒழுங்கு மீறியவர்களைத் தனியே வைப்பதற்கானவை. அதற்கு முன்பு அந்த வேலையை நிலவறையும் பலவகைத் தனிமை அறைகளும் தண்டனைக் கம்பமும் செய்தன. கம்பத்தில் கைகளை விலங்கிட்டுப் பிணைத்து ரப்பர் குழாயால் அடிப்பார்களாம்.

தொழிற்கூடங்களின் கதை தனியே எழுதத்தக்கது. முதலில் துடைப்பம்தான், லாரமியில் பார்த்த அதே தொழில். 1917 கலவரத்தில் கைதிகளே அந்தத் தொழிற்கூடத்தைக் கொளுத்திவிட்டார்கள். அடுத்து வந்த சட்டைத் தொழிற்கூடம் இரண்டு மடங்கு வருமானம் தந்தது. பிற மாநிலச் சிறைகளில் செய்த பொருள்களைத் தங்கள் சந்தைக்குள் வரவிடாமல் தடுக்கும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்த கூட்டரசுச் சட்டம் 1934இல் நடைமுறைக்கு வந்ததும், அதுவும் மூடப்பட்டது. மறு ஆண்டே கம்பளி ஆலை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்காக இங்கு நெய்த போர்வைகளின் தரத்துக்காக 1942இல் கடற்படையின் 'ஈ' விருது கிடைத்தது. 1949 முதல் கடைசி நாள் வரை வாகனங்களுக்கு நம்பர் பிளேட் அடித்தார்கள். துள்ளும் குதிரையும் அதன்மேல் ஒரு கையைத் தூக்கி அமர்ந்திருக்கும் மனிதனும் வயோமிங் நம்பர் பிளேட்டில் 1936 முதலே உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குதிரையைத் தகட்டில் அழுத்தியது இங்கிருந்த கைகள். துடைப்பம், சட்டை, போர்வை, நம்பர் பிளேட் என்று அந்த மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இந்தச் சிறை ஏதோ ஒரு வடிவில் போயிருக்கிறது. வருகிறவர்கள் இதைப் பற்றி மிகக் குறைவாகவே கேட்கிறார்கள். அன்று எங்கள் குழுவில் பலருடைய கேள்விகளும் மரண தண்டனையைப் பற்றியே இருந்தன.

அந்தக் கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியாது. இங்கு 14 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒன்பது பேர் தூக்கில், ஐந்து பேர் நச்சுவாயு அறையில். தூக்குமேடை 'ஜூலியன்' வகையைச் சேர்ந்தது. 1903இல் செயென் நகரில் டாம் ஹார்ன் என்பவரைத் தூக்கிலிட்டதும் அந்த மேடைதான். முதலில் இரண்டு பேருக்கு அதையே இங்கே கொண்டுவந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். 1916இல், மரண தண்டனை பெற்றவர்களுக்கான ஆறு அறைகளோடு தனிக் கட்டடம் எழுந்தபோது, அதற்குள்ளேயே அதே அமைப்பில் ஒரு மேடையைக் கட்டினார்கள்.

அதன் தனித்தன்மையை வழிகாட்டி சொல்லச் சொல்ல அப்பாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் இடைமறித்து இடைமறித்துக் கேள்வி கேட்டார். இரவு உணவகத்தில் காகிதக் கைக்குட்டையில் பேனாவால் வரைந்து எனக்கே விளக்கினார். கழுத்தில் கயிறு மாட்டப்பட்டவர் பலகையில் ஏறி நின்றதும், அவருடைய எடையால் பலகை சிறிது தாழ்கிறது. அந்தத் தாழ்வு ஒரு நீர்க்கலத்தின் அடைப்பைத் திறந்துவிடுகிறது. தண்ணீர் ஒழுக ஒழுக, அதற்கு எதிர்ப்பக்கம் சமநிலையில் நின்ற எடைக்கட்டை நகர்ந்து, பலகையைத் தாங்கும் முட்டுக்கோலைத் தட்டிவிடுகிறது. பலகை திறந்துகொள்கிறது. விசையை இழுக்கவோ கயிற்றை வெட்டவோ யாரும் தேவையில்லை. தன்னை வந்து கொல்லப்போகும் இயந்திரத்தைத் தன் உடல் எடையாலேயே அந்த மனிதன் இயக்கிவிட்டு, தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டபடி நிற்க வேண்டும். "வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கான். இதுக்குப் போய் இவ்வளவு மூளையைச் செலவழிச்சிருக்கானே" என்று சொல்லிவிட்டு அப்பா பேனாவை மூடிவைத்தார்.

ஒரு மாநிலமே முடிவு செய்து ஒருவரைக் கொல்லும்போது, அதைச் செய்தது யார் கை என்ற கேள்விக்கு விடையே இல்லாதபடி செய்வதற்குத்தான் இந்த ஏற்பாடு முழுவதும் என்று எனக்குப் பட்டது. 1936இல் தூக்கு கைவிடப்பட்டு வாயு அறை வந்தது. இரும்புத் தகடுகளால் ஆன, காற்றுப் புகாத அந்தச் சிறிய அறையின் கண்ணாடிச் சாளரம் வழியாக உள்ளே இருக்கும் நாற்காலியைப் பார்த்தோம். நாற்காலிக்குக் கீழே அமிலத்தில் சயனைடு விழும். கடைசியாக அது பயன்பட்டது 1965 டிசம்பரில்.

'ஏ' கூடத்தில் நின்றபோதே வழிகாட்டி இன்னொரு சாவைப் பற்றிச் சொன்னார். அது அந்தப் பதினான்கில் சேராது. 1912 அக்டோபரில், ஊரில் எல்லாரும் மதித்த ஒரு மூதாட்டியைத் தாக்கியதாக ஃபிராங்க் விக்ஃபால் என்ற கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். அவரை அடித்துக் கொல்ல ஊர் திரண்டதால், பாதுகாப்புக்கென்று இந்தச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மூதாட்டி கைதிகளிடம் அன்பு காட்டியவர். கைதிகள் விக்ஃபாலைப் பிடித்து, கழுத்தில் கயிறு மாட்டி, மேல்தளத்து நடைபாதையிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. எந்தக் கூட்டத்திடமிருந்து சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக இந்தச் சுவர்களை எழுப்பினார்களோ, அந்தக் கூட்டம் சுவருக்கு உள்ளேயும் உருவாகிவிட்டது. எங்கள் குழுவில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் வழி

கிளம்புமுன் இந்த ஊரின் இன்னொரு காட்சிப்பொருளையும் சொல்லிவிட வேண்டும். கார்பன் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒரு ஜோடி காலணி இருக்கிறது. ரயிலைக் கவிழ்க்க முயன்று, துரத்தி வந்த இரண்டு சட்டக் காவலர்களைக் கொன்ற கும்பலைச் சேர்ந்த ஜார்ஜ் பாரட்டை, 1881 மார்ச்சில் ராலின்ஸ் ஊரார் சிறைக்காவலிலிருந்து இழுத்துவந்து தந்திக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். நீதிமன்றம் அவருக்கு விதித்திருந்த தூக்குக்குச் சில நாள்களே இருந்தன. ஜான் ஆஸ்போர்ன் என்ற மருத்துவர் அவருடைய தோலைப் பதனிட்டுக் காலணி செய்துகொண்டார். அந்த மருத்துவர் 1893இல் வயோமிங்கின் ஆளுநரானார். எஞ்சிய எலும்புகள் 1950இல், மண்ணில் புதைந்த ஒரு விஸ்கிப் பீப்பாயில் கிடைத்தன. இதைச் சிறை அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சிறை வருவதற்கு முன் இந்த ஊர் எப்படித் தண்டித்தது என்று தெரிந்த பிறகுதான், 1888இல் நாட்டிய அடிக்கல்லின் பொருளும் 1912இல் அது எப்படித் தோற்றது என்பதும் விளங்கும். அப்பா காலணியைப் பார்க்க மறுத்து வாசலிலேயே நின்றுகொண்டார். அதையும் நான் மதிக்கிறேன்.

இப்போதைய மாநிலச் சிறை ஊருக்குத் தெற்கே இருக்கிறது. 1981இல் கைதிகளை அங்கே மாற்றியபின் பழைய கட்டடம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1987இல் ஒரு திரைப்படப் பிடிப்பின்போது அதற்குக் கணிசமான சேதமும் ஏற்பட்டது. மறு ஆண்டு அமைந்த கூட்டு நிர்வாகக் குழு அதை எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நாம் பார்க்க இவ்வளவு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான். அப்படியும் வண்ணப்பூச்சு உதிர்வதைத் தடுக்காமல் விட்டுவைத்த அவர்களுடைய முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். லாரமிக்கு அரை நாள் போதும். ராலின்ஸுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களிலும் கோடையில்தான் எல்லாம் ஒழுங்காகத் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய கூடங்களுக்குள் செப்டம்பரிலேயே குளிர் எலும்பைத் தொடுகிறது, ஸ்வெட்டர் இல்லாமல் போக வேண்டாம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் வயதானவர்களுக்குப் படியேறும்போது மூச்சு வாங்கும். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொன்னால் நிதானமாக அழைத்துப்போகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தூக்குமேடைக் கட்டடத்துக்குள் நுழையாமல் வெளியே காத்திருக்கலாம். தொழிற்கூடங்களைப் பற்றி மட்டும் வழிகாட்டியிடம் மறக்காமல் கேளுங்கள். கேட்டால் நிறையச் சொல்கிறார்கள்.